தனியாக ஓய்வுக்காலம் கழிக்க, மிதமான வானிலையுள்ள வெளிநாட்டு ஊரை எப்படித் தேர்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 61, கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மாதம் 70,000 ரூபாய் ஓய்வூதியம் வாங்குகிறீர்கள், வங்கி வைப்பில் 1.4 கோடி இருக்கிறது. சென்னை வெயில் இனி உடம்புக்குத் தாங்காது, பனி கொட்டும் ஊரும் ஆகாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. ஃபுன்சால் (போர்ச்சுகலின் மதீரா தீவு), குவென்கா (எக்வடோர்), சியாங் மாய் (தாய்லாந்து), மொரீஷியஸ், நுவரெலியா (இலங்கை) என்று ஐந்து பெயர் எழுதி, எதில் போய்த் தனியாகக் குடியிருக்கலாம் என்கிறீர்கள். இது வானிலைக் கேள்வி மாதிரி தெரிந்தாலும் இதற்குள் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்த நாடு உங்களை ஆண்டுக்கணக்கில் இருக்க விடும்? 80 வயதில் அந்தத் தெருவில் உங்களால் ஏறி இறங்க முடியுமா? ஒருநாள் காலை பத்து மணி வரை உங்கள் கதவு திறக்காவிட்டால் யார் வந்து தட்டுவார்கள்? குடியேற்ற ஆவண வேலையில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: முதல் கேள்வியைக் கடைசியில் கேட்பார்கள், மூன்றாவதைக் கேட்பதே இல்லை.

வானிலையிலிருந்தே தொடங்குகிறேன். ஆண்டு முழுக்க மிதமாக இருக்கும் ஊர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வெப்பமண்டலத்து மலையூர்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 முதல் 6.5 டிகிரி வரை குறையும். நுவரெலியா 1,868 மீட்டர், கொலம்பியாவின் மெடெயின் 1,500, எக்வடோரின் குவென்கா ஏறத்தாழ 2,550. இங்கே மாதத்துக்கு மாதம் பெரிய வேறுபாடு இருக்காது, ஆனால் ஒரே நாளுக்குள் விடியற்காலை ஸ்வெட்டரும் நண்பகலில் குடையும் வேண்டியிருக்கும். மற்றது, கடல் காற்று வெப்பத்தைச் சமன்படுத்தும் தீவுகள். போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவின் ஃபுன்சாலில் குளிர்காலப் பகல் 19–20 டிகிரி, கோடைப் பகல் 25–26. எண்ணைப் பார்த்தால் இதைவிட நல்ல ஊர் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த எண் வெளியே நிழலில் எடுத்தது. நீங்கள் இருக்கப்போவது வீட்டுக்குள்.

மிதமான ஊர்களில் வீடு கட்டுபவர்கள் குளிரைக் கணக்கில் எடுப்பதில்லை. மதீராவிலும் போர்ச்சுகல் பெருநிலத்திலும் பழைய வீடுகளில் மைய வெப்பமூட்டி கிடையாது, சுவரில் குளிர்காப்பு கிடையாது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. ஜனவரி இரவில் வெளியே 13 என்றால் உள்ளே 15, 16. சென்னையில் ஏசியை 24இல் வைத்துத் தூங்கிப் பழகிய உடம்புக்கு இது வாரக்கணக்கில் நீடித்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீடு பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வராதீர்கள். படுக்கையறை அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஈரச் சாக்கு வாடை வந்தால் அங்கே துணி பூஞ்சை பிடிக்கும். வடக்குச் சுவரை ஒட்டிய கட்டிலுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஒட்டினால் சுவர் தண்ணீர் குடித்திருக்கிறது. புதிதாக வெள்ளையடித்த ஒரே ஒரு மூலை இருந்தால் அங்கேதான் கறுப்புப் புள்ளிகள் இருந்திருக்கும். 500 ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பம்–ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் படுக்கையறையில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் அந்த வீடு வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ஐந்தில் இரண்டை உடனே விலக்கிவிடலாம். குவென்காவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. பெரும்பாலோர் சில வாரத்தில் பழகிவிடுவார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் அங்கே நிரந்தரமாக இருக்கலாமா என்பதை உங்கள் இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. அவர் சரி என்றாலும் ஸ்பானிஷ் இல்லாமல் அங்கே மருந்துக்கடையில்கூடப் பேச முடியாது. சென்னையிலிருந்து போய்ச் சேர ஒன்றரை நாளாவது ஆகும். 2024 ஜனவரி 9 அன்று அந்நாட்டு அரசு உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. அதன் சுமை பெரிதும் கடலோர நகரங்களில்தான் என்றாலும், தனியாக வரும் ஒருவர் புதிதாகக் காலூன்ற ஏற்ற காலம் இது இல்லை. சியாங் மாய் உயரம் சுமார் 300 மீட்டர்தான். டிசம்பரில் போனவர்கள் இதமான ஊர் என்று சொல்வார்கள். ஏப்ரலில் சென்னையைவிட மோசம். அதோடு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் தீ வைக்கும் காலம். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் புகை தங்கிவிடும், பல நாட்கள் உலகின் மிக மாசுபட்ட நகரங்களின் பட்டியலில் இடம்பெறும். தாய்லாந்தின் ஓய்வு விசாவுக்கு 50 வயது நிறைந்து, 8 லட்சம் பாத் வங்கியில் இருக்க வேண்டும் அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைப் பதிய வேண்டும். உங்களால் முடியும்தான், ஆனால் ஆண்டுக்கு மூன்று மாதம் வேறு ஊருக்கு ஓட வேண்டிய ஊரைத் தேர்வதில் பொருளில்லை.

ஃபுன்சாலுக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் கணக்கு பலரை ஏமாற்றுகிறது. வேலை பார்க்காமல் நிலையான வருமானத்தில் வாழ்பவர்களுக்குப் போர்ச்சுகல் தரும் விசா டி7. அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமான மாத வருமானம் காட்ட வேண்டும்; 2025இல் அது 870 யூரோ. யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் 91,000 சொச்சம். உங்கள் ஓய்வூதியம் தனியாகப் போதாது, ஆனால் 1.4 கோடிக்கு 7 சதவீத வட்டி மாதம் 80,000 சேர்த்தால் ஒன்றரை லட்சம், தாண்டிவிடுவீர்கள். ஓராண்டுத் தொகையான 10,440 யூரோவை அந்நாட்டு வங்கிக் கணக்கில் வைத்துக் காட்டச் சொல்வதும் வழக்கம். ஆகவே விசா கிடைக்கக்கூடியதுதான். ஆனால் விசாவின் குறைந்தபட்சத் தொகை அந்த ஊரில் வாழ ஆகும் செலவைக் குறிப்பதில்லை. ஃபுன்சாலில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகை இப்போது 1,000 யூரோவை ஒட்டி நிற்கிறது. உங்கள் ஒன்றரை லட்சம் என்பது 1,430 யூரோ. வாடகை போக மீதியில் மின்சாரம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பயணம் எல்லாம் அடங்காது. வைப்பின் அசலில் கை வைக்க வேண்டிவரும். வாடகை குறைவாக வேண்டுமென்று மேலே போனால் ஊரே மாறிவிடும். கடற்கரையிலிருந்து 550 மீட்டர் உயரத்திலுள்ள மோந்த்தே பகுதி மேகத்துக்குள் இருக்கும், தெருக்களெல்லாம் செங்குத்து. சேப்பங்கிழங்கும் வாழைக்காயும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் அருமையான தீவு அது. வருமானம் இதைப்போல ஒன்றரை மடங்கு உள்ளவருக்கு, போர்த்துகீசியம் கற்க மனமுள்ளவருக்கு, முதல் பெயராக அதையே சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். (பக்கத்திலுள்ள ஸ்பெயினின் கனாரித் தீவுகளைப் பற்றி யாராவது சொன்னால், அந்த விசாவுக்கு மாதம் 2,400 யூரோ காட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.)

இன்னொரு கணக்கும் எல்லா ஊருக்கும் பொது. 2005இல் டாலர் சுமார் 44 ரூபாய், 2015இல் சுமார் 64, 2025 இறுதியில் 90. இருபது ஆண்டில் இரண்டு மடங்கு. உங்களுக்கு 81 வயதாகும்போதும் இதே வேகம் என்றால், இன்று ஒன்றரை லட்ச ரூபாயில் நடக்கும் வாழ்க்கைக்கு அந்நாட்டில் விலைவாசியே ஏறாவிட்டால்கூட மூன்று லட்சம் வேண்டும். அகவிலைப்படி ஓய்வூதியத்தை ஓரளவு தூக்கிப்பிடிக்கும். வைப்புத்தொகை வட்டியை யாரும் தூக்கிப்பிடிக்க மாட்டார்கள். அதனால் முதல் ஆண்டில் வருமானத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குள் வாழ முடிகிற ஊரைத்தான் எடுக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் உங்கள் பட்டியலில் நிற்பவை மொரீஷியஸும் இலங்கை மலைநாடும்தான். மொரீஷியஸ் என்றதும் கடற்கரைப் படங்கள் நினைவுக்கு வரும். அந்தக் கரையோரம் கோடையில் புழுக்கமாக இருக்கும், உங்களுக்கு ஆகாது. நீங்கள் பார்க்க வேண்டியது தீவின் நடுவிலுள்ள மேட்டுநிலம். ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்வா, க்யூர்பீப் என்று வரிசையாக மேலே ஏறும் ஊர்கள். 400 மீட்டரை ஒட்டியுள்ள வாக்வாவில் கோடைப் பகல் 26–27 டிகிரி, ஜூலை இரவு 15ஐ ஒட்டி. கடைசி ஊரான க்யூர்பீப் 550 மீட்டர். மழையும் மூடுபனியும் அங்கே மிக அதிகம், மேலே சொன்ன பூஞ்சைப் பரிசோதனையில் பல வீடுகள் தோற்கும். ஆகவே காத்ர் போர்ன் முதல் வாக்வா வரையுள்ள பகுதியில் தேடுங்கள். போர்ட் லூயிஸிலிருந்து இந்த ஊர்கள் வழியாக க்யூர்பீப் வரை மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் ஓடுகிறது, முழுத் தடமும் திறந்திருக்கிறது. கார் ஓட்டாத, இனி ஓட்டவும் கூடாத ஒருவருக்கு நிலையத்திலிருந்து சமதரையில் பத்து நிமிட நடையில் வீடு அமைவது வேறு எந்த வசதியையும்விட மேல். பெரிய அரசு மருத்துவமனையான விக்டோரியா, காத்ர் போர்னை ஒட்டிய காண்டோஸில் இருக்கிறது. அவசர ஆம்புலன்ஸ் எண் 114.

தமிழ்த் தொடர்பு அங்கே உண்மையானது, ஆனால் அதன் அளவைச் சரியாகப் புரிந்துகொண்டு போங்கள். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு, காத்ர் போர்னில் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. வீட்டிலும் கடையிலும் பேச்சு கிரியோல், பத்திரிகை பிரெஞ்சு, அரசு அலுவலகக் கடிதம் ஆங்கிலம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் உங்கள் ஊர்ப் பெயராக இருக்கும், அவருக்குத் தமிழ் வராது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் மருத்துவரிடம் சிரமமில்லை. வீட்டு வேலைக்கு வருபவரிடமும் பேருந்திலும் கிரியோல் வேண்டும். ஆறு மாதம் முயன்றால் அன்றாடப் பேச்சு வந்துவிடும். சாப்பாட்டில் கவலை இல்லை. அரிசி, பருப்பு எல்லாம் உண்டு, சந்தையில் முருங்கைக்கீரையை 'ப்ரெத் முரும்' என்று கேட்டு வாங்கலாம்.

மொரீஷியஸ் ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்குத் தரும் வசிப்பு அனுமதிக்கு வயது 50 நிறைந்திருக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட டாலர் தொகை அந்நாட்டு வங்கிக்கு வர வேண்டும். அனுமதி பத்தாண்டு நீளும். இந்த மாதத் தொகை 1,500 டாலர் என்ற கணக்கில் பல ஆண்டுகள் இருந்தது. இன்றைய தொகையைப் பொருளாதார வளர்ச்சி வாரியத்தின் தளத்தில் பாருங்கள், முகவர் சொல்வதை ஏற்காதீர்கள். 1,500 என்றே வைத்தாலும் 1.35 லட்சம் ரூபாய். உங்கள் ஒன்றரை லட்சத்தில் அது அடங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். அடங்காது, காரணம் இந்தியப் பக்கத்தில் இருக்கிறது. காலவரையின்றி வெளிநாட்டில் குடியிருக்கப் போனதுமே அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுவீர்கள். வங்கிக்குத் தெரிவித்து சேமிப்பையும் வைப்பையும் என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். அந்த வட்டியில் முழுத் தொகைக்கும் 31.2 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிப்பார்கள். 80,000 வட்டி கைக்கு வரும்போது 55,000 ஆகிவிடும். வரிக்கணக்குத் தாக்கல் செய்தால் அதிகமாகப் பிடித்தது திரும்பும், ஆனால் ஓராண்டு கழித்து. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் குறைந்த விகிதம் கேட்கலாம், அதற்கு அந்நாட்டு வரிவதிவிடச் சான்று வேண்டும். புறப்படுவதற்கு முன்பே வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஒருவரிடம் இதைக் கேட்டு முடியுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் 6 லட்சம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தால் இந்த இடைவெளியைச் சமாளிக்கலாம்.

பணம் அனுப்பும் விதியும் அதே நாளில் மாறும். இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்வரை ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் பகுதிக்கு, கல்வி, மருத்துவம் தவிர்த்த தேவைகளுக்கு, 20 சதவீதம் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அதுவும் வரிக்கணக்கில் திரும்பக்கூடியதுதான், ஆனால் அதுவரை முடங்கும். என்ஆர்ஓ ஆன பிறகு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வரி கட்டிய சான்றோடு அனுப்பலாம், டிசிஎஸ் கிடையாது. ஆகவே பெரிய தொகையைப் புறப்படும் முன் அவசரமாக அனுப்பாதீர்கள்.

மொரீஷியஸின் கெடுதல் புயல். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் காலம். உயர் எச்சரிக்கை வந்தால் பேருந்தும் மெட்ரோவும் நின்றுவிடும், மின்சாரமும் தண்ணீரும் இரண்டு மூன்று நாள் போகலாம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. காங்கிரீட் கூரை, மொட்டைமாடித் தொட்டி, ஜன்னல் அடைப்புகள் உள்ள வீடு, முதல் மாடி அல்லது இரண்டாம் மாடி, வீட்டில் இரண்டு வார மாத்திரை கையிருப்பு. இவை இருந்தால் சமாளிக்கலாம்.

நுவரெலியாவைவிட அதே மலைநாட்டில் பண்டாரவளையைப் பாருங்கள். நுவரெலியாவில் இரவு 8–13 டிகிரி, ஜனவரி, பிப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும், ஈரம் ஓயாது. பண்டாரவளை சுமார் 1,230 மீட்டர். பகல் 22–26, இரவு 15–17. சென்னைக்காரருக்கு ஐந்து பெயர்களையும்விட ஏற்ற வானிலை இதுதான் என்பது என் கருத்து. கொழும்பு–பதுளை ரயில் பாதையில் அந்த ஊர் இருக்கிறது. சந்தையில், மருந்தகத்தில், ஆட்டோவில் தமிழிலேயே பேசலாம், ஏனென்றால் சுற்றிலும் தோட்டத் தமிழர்கள். 1990 என்று அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும்; இந்திய உதவியில் 2016இல் தொடங்கிய சேவை. பெரிய மருத்துவமனைக்குப் பதுளை, சுமார் 30 கிலோமீட்டர் மலைப்பாதை. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் இது போதும். மார்வலிக்கு மலைப்பாதையில் போகும் அந்த நேரம் நீண்டது.

இலங்கையில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'என் கனவு இல்லம்' என்ற வசிப்பு விசா உண்டு: 15,000 டாலர் வைப்பு, மாதம் 1,500 டாலர் வரவு, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இந்த இரண்டாண்டு என்பதைத்தான் யோசிக்க வேண்டும்; 79 வயதில் கொழும்புக்குப் போய் வரிசையில் நிற்க முடியுமா? 2022 நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டதையும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்து பலர் இறந்ததையும் மறக்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடம் வைத்திருக்கிறது. வீட்டின் இடத்தை அதில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர் இருந்தால், வரைபடம் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்கச் சட்டம் பெரிதும் இடம் தருவதில்லை. வாடகைதான், அதுவே உங்களுக்கு நல்லது.

மருத்துவக் காப்பீடு எந்த ஊருக்கும் பொதுவான சிக்கல். இந்தியாவில் விற்கும் மூத்தோர் பயணக் காப்பீடு சில மாதப் பயணத்துக்கானது, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் பணம் தராது. சர்வதேச மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் புதிதாகச் சேர்க்க 65, 70, 75 என்று ஆளுக்கொரு வயது எல்லை வைத்திருக்கின்றன. சர்க்கரை உள்ளவருக்குக் கூடுதல் கட்டணமோ விலக்கோ வரும். ஆகவே காப்பீட்டு ஏற்புக் கடிதம் எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியப் பாலிசியை நிறுத்தாதீர்கள். 70 வயதில் திரும்பி வந்து புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரும். மாத்திரைகளின் வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரின் முத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5 என்றால் எந்த நாட்டு மருந்தாளருக்கும் புரியும்; இங்கே அட்டையில் உள்ள பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

ஆவணத்தில் தமிழர்களைத் தடுக்கி விழவைப்பது இனிஷியல். ஓய்வூதிய ஆணையில் 'க. மீனாட்சி', பாஸ்போர்ட்டில் 'மீனாட்சி' ஒரு கட்டத்தில் 'கந்தசாமி' மறு கட்டத்தில், திருமணத்துக்குப் பின் எடுத்த வங்கிக் கணக்கில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று வெளிநாட்டு அதிகாரி ஊகிக்க மாட்டார், கோப்பைத் திருப்பிவிடுவார். நோட்டரி முன் மூன்று பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுங்கள்; நேரம் இருந்தால் அரசிதழில் பெயரை ஒரே வடிவாக்கிவிடுவது அதைவிட உறுதி. பிறப்புச் சான்று 1960களில் பிறந்த பலருக்கு இல்லை. பதிவு இல்லை என்ற சான்றை உள்ளாட்சியில் வாங்கி, பள்ளிச் சான்றோடு கொடுக்க வேண்டும். காவல்துறைத் தடையின்மைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் கிடைக்கும். கணவரின் இறப்புச் சான்று, திருமணச் சான்று இவற்றை மாநில அரசிடம் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தில் அப்போஸ்டில் (ஒப்பந்த நாடுகள் ஏற்கும் சான்று முத்திரை) அல்லது போகும் நாடு கேட்கும் சான்றொப்பம் வாங்க வேண்டும். காவல் சான்றை மட்டும் கடைசியில் எடுங்கள், சில மாதத்தில் காலாவதியாகும். ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தரும் முறையையும் கருவூலத்தில் எழுதிக் கேட்டு வையுங்கள். இந்தியத் தூதரகம் வழியாகத் தரலாம்.

உயில் எழுதியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, பிள்ளை இல்லாத இந்து விதவை உயில் எழுதாமல் இறந்தால் அவர் தானே சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அப்படி யாரும் இல்லாதபோதுதான் பிறந்த வீட்டுக்கு. உங்கள் விருப்பம் வேறாக இருந்தால் புறப்படும் முன் பதிவு செய்த உயில் அவசியம். வெளிநாட்டில் இறந்தால் அங்கேயே தகனமா, ஊருக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதையும் தனித்தாளில் எழுதி அந்த ஊரில் ஒருவரிடம் கொடுங்கள். மொரீஷியஸில் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்துக்கள், தகனம் அன்றாட வழக்கம்.

தனியாக இருப்பதற்கான ஏற்பாடு ஊரைவிட முக்கியம், ஆனால் செலவில்லாதது. மாற்றுச் சாவி ஒன்று அதே கட்டடத்தில் ஒருவரிடம். தினமும் காலை எட்டு மணிக்கு ஊரிலுள்ள ஒருவருக்கு ஒரு செய்தி, ஒன்பது மணிவரை வராவிட்டால் அவர் சாவி வைத்திருப்பவரை அழைப்பது. இதை இருவரிடமும் முன்கூட்டியே பேசி, எண்ணைப் பகிர்ந்துவிட வேண்டும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு. தாழ்ப்பாளை உள்ளிருந்து போடாமல், வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டை மட்டும் பயன்படுத்துவது. கீழே விழுந்து கதவு தாழிட்டுக் கிடப்பதால் தாமதமாகும் மணி நேரங்கள்தான் சின்ன எலும்புமுறிவைப் பெரிதாக்குகின்றன.

திரும்பி வரும் வழியைப் போகும்போதே கட்டி வையுங்கள். சென்னையிலோ கோத்தகிரியிலோ ஒரு சின்ன வீடு அல்லது முதியோர் குடியிருப்பில் இடம், 15 லட்சம் ரூபாய் தொடாத வைப்பு, நம்பிக்கையான ஒருவருக்கு வரம்புள்ள அதிகாரப் பத்திரம். எந்த நிலையில் திரும்புவீர்கள் என்பதையும் இன்றே எழுதுங்கள்: ஓராண்டில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்தால், ஒரு மாடி ஏறத் துணை தேவைப்பட்டால், மாத்திரைக் கணக்கு மறக்கத் தொடங்கினால். அந்த நேரம் வந்தபின் முடிவெடுக்க நினைப்பவர்கள் இன்னும் ஒரு வருஷம் என்று தள்ளிப்போட்டு, பயணம் செய்ய முடியாத உடம்போடு மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை வரிசை இது. பட்டியலில் முதலிடம் காத்ர் போர்ன்–வாக்வா பகுதி. மருத்துவமனையும் மெட்ரோவும் நீண்ட அனுமதியும் அங்கே ஒன்றுசேர்கின்றன. இரண்டாவது பண்டாரவளை, வானிலையிலும் மொழியிலும் அதுவே மேல், 70 வயது வரை நன்றாக வாழலாம், அதற்கு மேல் விசாப் புதுப்பிப்பும் பாதையும் இடிக்கும். இரண்டையும் மோசமான மாதத்தில் பாருங்கள். அதற்கும் முன்னால், வரும் ஜூலையில் கோத்தகிரியில் ஒரு வீடு பிடித்து மூன்று வாரம் யாரையும் அழைக்காமல் தனியாக இருங்கள். மழை, மேடு, தனிமை மூன்றும் உங்களுக்கு எப்படி ஒத்துவருகின்றன என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும். ஒத்துவந்தால் நவம்பரில் பண்டாரவளையில் மூன்று வாரம், பிப்ரவரியில் வாக்வாவில் மூன்று வாரம். கருவியையும் குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள், ஹோட்டலில் தங்காமல் சமையலறை உள்ள வாடகை வீட்டில் தங்குங்கள். மாநில அரசுச் சான்றொப்பமும் பெயர்த் திருத்தமும் மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் அவற்றை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். வைப்புத்தொகையை அதுவரை கலைக்க வேண்டாம்.